செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நம் சங்கப் பட்டறையில் பழைய கார்களில் நடந்த வேலைகளையும், திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளையும் மட்டும் இங்கே வைக்கிறேன். வழக்கம்போல அம்பாசடர்தான் அதிகம், அடுத்தது பத்மினி.

முதலில் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று. வண்டியைப் பழைய நிலைக்கே கொண்டுவருவதா, பழைய உடலில் புது உறுப்புகள் வைப்பதா என்பதைக் கட்டிங் மெஷினை எடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு தாண்டிய, சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறாத வண்டிதான் விண்டேஜ். புதுப் பதிவுக்கு ரூ.20,000, செல்லுபடி 10 ஆண்டு, மறுபதிவுக்கு ரூ.5,000, எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்து. கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது. இன்ஜினை மாற்றிய வண்டிக்கு இந்த வழி அடைபட்டுவிடும்.

இன்ஜின் மாற்றும் பக்கம் போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அம்சங்களிலிருந்து விலகி மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "யார் பார்க்கப் போகிறார்கள்" என்ற பேச்சு விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் சர்வேயர் முன்னால் எடுபடாது. ஆர்.டி.ஓ. அனுமதி எழுத்தில் கையில் வந்த பிறகு பழைய இன்ஜினை இறக்குங்கள்.

அதிகம் கேட்கப்படும் மாற்றம் 1,489 சிசி இன்ஜினை எடுத்துவிட்டு, பின்னாளில் அதே அம்பாசடரில் வந்த 1,817 சிசி இசுசு இன்ஜினை வைப்பது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் இன்ஜினை மட்டும் வாங்கி வருவதுதான் முதல் தவறு. ஐந்து கியர் பாக்ஸ், இன்ஜின் மவுண்டிங், ரேடியேட்டர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு), ஆக்சிலரேட்டர் கேபிள் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து செட்டாக வர வேண்டும். பழைய வண்டியில் கியர் ஸ்டீயரிங் பக்கத்தில், புதியதில் தரையில். அதற்குத் தரையை வெட்ட வேண்டும். ஷாஃப்டின் நீளம் மாறினால் பேலன்ஸ் செய்தே மாட்டுங்கள். அதன் முன் பின் முனைகளில் உள்ள யுனிவர்சல் ஜாயிண்ட் (வளைந்து சுழலும் இணைப்பு) கோணங்கள் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் வேகம் கூடியதும் தரை அதிரும். அதை டயர் பேலன்சிங் என்று நினைத்துச் செலவழித்தவர்கள் உண்டு.

இன்ஜினுக்கு முன் பிரேக். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பிற்கால அம்பாசடரின் முன் டிஸ்க்கை ஹப், ஸ்டப் ஆக்சில், காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிடி) சேர்த்துப் போடலாம். கூடவே, பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் இரட்டைச் சர்க்யூட் ஆக வேண்டும். டிரம் பிரேக் வண்டியின் பழைய மாஸ்டரில் லைனில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கும். அதையே டிஸ்க்குக்கு விட்டால் பேட் உரசிக்கொண்டே இருந்து ஹப் சுடும். வால்வை முழுக்கக் கழற்றினாலும் வம்பு: பழைய மாடல்களில் மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே, காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால் ஆயில் திரும்பி வடியும். சற்று நேரம் நின்ற வண்டியில் முதல் மிதி ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் பெடல் ஏறினால் இதுதான் காரணம். டிஸ்க் லைனில் 2 பி.எஸ்.ஐ. வால்வு, பின் டிரம் லைனில் 10 பி.எஸ்.ஐ. வால்வு. மாஸ்டரின் துளை பெரிதானால் பெடல் கல்லாக இருக்கும். சிறிதானால் தரையைத் தட்டும்.

டிங்கரிங். அம்பாசடருக்குத் தனி சேசிஸ் கிடையாது. கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டிதான் முதுகெலும்பு. அதை வெட்டும் முன் கதவுத் திறப்பின் குறுக்கே 25 மி.மீ. சதுரக் குழாயை வெல்டு வைத்துக் கட்டுங்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். கட்டாமல் வெட்டினால் நடு இறங்கும், பிறகு கதவு எந்த ஜென்மத்திலும் பொருந்தாது. 18 கேஜ் தகடு, 0.8 மி.மீ. கம்பியில் சி.ஓ.2 வெல்டிங், தொடர்ந்து இழுக்காமல் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி. பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். வாங்கும்போதே காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் காருக்குப் பதில் பட்டிதான் நிற்கிறது.

மின்சாரம். பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரோ (புதுவகை மின்னாக்கி) எலக்ட்ரானிக் இக்னிஷனோ போடும் முன் அதை நெகட்டிவாக மாற்ற வேண்டும். இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயரையும் இடம் மாற்ற மறக்காதீர்கள். டைனமோ 22 ஆம்பியர்தான் கொடுக்கும். 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை வைத்துவிட்டு பழைய அம்மீட்டர் வழியாகவே கரண்டை விட்டால், டாஷ்போர்டுக்குப் பின்னால் புகை வரும். அம்மீட்டரை விலக்கி வோல்ட்மீட்டர் வையுங்கள். சார்ஜ் விளக்குக்கு எல்.இ.டி. போட்டால் பல ஆல்டர்னேட்டர்கள் சார்ஜ் செய்யத் தொடங்கவே தொடங்காது, 2.2 வாட் பல்பு போதும். ஹெட்லைட்டுக்கு ரிலே கட்டாயம்: 60 வாட் இரண்டு எரிந்தால் 10 ஆம்பியர், பழைய சுவிட்ச் உருகிவிடும்.

இந்த ஆண்டின் புதுத் தலைவலி, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் ஊறி உப்புகின்றன. டாங்க்கில் தங்கிய துரு கழன்று வந்து ஃபில்டரை அடைக்கிறது. எத்தனால் தாங்கும் எஃப்.கே.எம். (ஃப்ளூரோ ரப்பர்) ஹோஸ் போடுங்கள். காற்று–பெட்ரோல் கலவை மெலிவதால் கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) ஒரு படி பெரிதாக்கி, ஸ்பார்க் பிளக் நிறம் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளிறிய வெள்ளை என்றால் இன்னும் ஒரு படி. மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டாங்க்கைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீர் சேர்க்கும்.

மின்மோட்டார் மாற்றம் கேட்பவர்களுக்கு: அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனத்தின் சான்று பெற்ற கிட் என்றால் மட்டும் பேசலாம்.

ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன். வரும் ஆண்டு முதல் சங்கப் பட்டறையில் இன்ஜின் மாற்றும் வண்டி எதுவும், ஆர்.டி.ஓ. அனுமதி நகலும் முடித்த பிரேக் வேலையும் இல்லாமல் லிஃப்டில் ஏறக் கூடாது. உறுப்பினர்கள் விவாதித்து, இந்த அறிக்கையோடு சேர்த்து ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்