தொத்தோனின் கொப்பரையில் என்ன தப்பும்

அன்புள்ள தம்பிக்கு,

'வேந்த் தியூ' என்ற பிரெஞ்சுப் படத்தில் தொத்தோன் என்கிற பையன் கோம்தே சீஸைத் தானே செய்யப் பார்க்கிறானே, அது நடக்கிற காரியமா என்று கேட்டிருந்தாய். 2024-இல் வந்த படம். இயக்குநர் லூயீஸ் கூர்வுவாசியே கோம்தே செய்யும் கிழக்குப் பிரான்சின் ஜூராவில் வளர்ந்தவர், நடித்தவர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஆட்களே. அப்பா இறந்து, சின்னத் தங்கை கையில் இருக்க, சிறந்த கோம்தேவுக்கான போட்டியின் 30,000 யூரோ பரிசைக் குறிவைத்து இறங்குகிறான் 18 வயதுப் பையன். அவன் ஆசையில் குற்றமில்லை, தொழில்தான் அவ்வளவு லேசில் வசப்படாது.

ஒரு கோம்தே சக்கரம் சுமார் 40 கிலோ. அதற்கே 400 லிட்டர் பால் போகும், அதுவும் காய்ச்சாத பச்சைப் பால். மோன்பெலியார்து, சிம்மெந்தால் மாடுகளின் பால் மட்டுமே செல்லும். மாட்டுக்குப் புல்லும் உலர்தீவனமும் போடலாம், ஊறுகாய்ப் புல் (சைலேஜ்) கூடவே கூடாது. அதிலிருந்து பாலுக்கு வரும் ஒருவகை நுண்ணுயிரி, சூட்டிலும் சாகாமல் கிடந்து, சில மாதம் கழித்து வாயு விட்டு சீஸை உப்ப வைத்து வெடிக்கவிடும். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது, உழைப்பு மொத்தமும் பாழ்.

செம்புக் கொப்பரையில் பாலை 32 டிகிரி வாக்கில் வைத்து, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட்டை விட்டால் அரைமணியில் உறையும். கத்தியை விட்டுத் தூக்கினால் பிளவு சுத்தமாக நிற்க வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் கொழுப்பெல்லாம் தெளிநீரோடு போய்விடும், நீர் வெள்ளையாகக் கலங்கும். கோதுமை மணி அளவுக்கு வெட்டி, கிளறிக்கொண்டே 54 டிகிரி வரை ஏற்ற வேண்டும். பையன்கள் சறுக்குவது இங்கேதான். சூடு வேகமாக ஏறினால் மணியின் மேல்புறம் தோல் கட்டி, உள்ளே நீர் சிக்கிக்கொள்ளும், பிறகு புளிக்கும், பிளக்கும். பதம் பார்க்க ஒரு பிடி அள்ளி அழுத்து: உருண்டையாகச் சேர வேண்டும், விரலால் தேய்த்தால் மணிமணியாக உதிர வேண்டும். தெர்மாமீட்டர் சூட்டைச் சொல்லும், இந்தப் பதத்தைச் சொல்லாது. அதற்கெல்லாம் பல வருடக் கைப்பழக்கம் வேண்டும்.

துணியில் அள்ளி அச்சில் அழுத்திய பிறகு குறைந்தது 120 நாள் முதிர வேண்டும், ஸ்ப்ரூஸ் மரப் பலகையில், உப்பு தேய்த்து, திருப்பிப் போட்டு. கடைசியில் 20-க்கு மதிப்பெண் போடுவார்கள். 14-ம் அதற்கு மேலும் என்றால் சக்கரத்தைச் சுற்றிப் பச்சைப் பட்டை, 12-க்குக் கீழே என்றால் கோம்தே என்ற பெயரே கிடையாது. அங்கீகாரம் பெறாத கொப்பரையில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அதே கதிதான், அது எனக்குக் கொஞ்சம் கொடுமை என்றே தோன்றுகிறது.

பெசான்சோனில்தானே இருக்கிறாய், ஒருநாள் விடியற்காலை பக்கத்து ஃப்ருய்த்தியேருக்கு (கோம்தே செய்யும் ஊர்ச் சீஸ் கூடத்துக்கு) போய்ப் பார். பால் வந்து உறைகிற நேரம் அதுதான், மதியம் போனால் கழுவிய தரையைத்தான் பார்ப்பாய். வரும்போது 18 மாதம் முதிர்ந்ததில் ஒரு துண்டு வாங்கு. பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றாதே, வியர்த்துவிடும். தாளில் சுற்றி வை, சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிடு.

அப்பா