மங்கோச்சிக்குப் போகும் தோழிக்கு

அன்புள்ள பூங்கொடி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. நீ ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவிக்கு, அதுவும் மங்கோச்சி மாவட்டத்துக்குப் போகிறாய் என்றதும் சந்தோஷம் தாங்கவில்லை. "அங்கே பெண்கள் தாங்களே கருத்தடை ஊசி போட்டுக்கொள்கிறார்களாமே, நிஜமா?" என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். அதைச் சோதித்துப் பார்த்த இடங்களில் உன் மங்கோச்சியும் ஒன்று.

மருந்து உனக்குப் புதிதல்ல. இங்கே 'அந்தரா' என்று போடுகிறோமே, அதே மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன்தான். நாம் தசையில் 150 மில்லிகிராம் போடுகிறோம். அங்கே தாங்களே போட்டுக்கொள்ளும் சயானா பிரஸ் என்பது தோலுக்கு அடியில் போடுவது. 104 மில்லிகிராம், 0.65 மில்லி. தனியாக சிரிஞ்சும் கிடையாது, குப்பியும் கிடையாது. மருந்து அடைத்த சின்ன பிளாஸ்டிக் குமிழ், அதிலேயே பொருத்திய ஒரு சென்டிமீட்டர் அளவு ஊசி, அவ்வளவுதான். ஃபிரிட்ஜும் தேவையில்லை.

அந்த மங்கோச்சி ஆய்வு 2018-இல் வெளியானது. 731 பெண்கள். எல்லோருக்கும் இதே மருந்து, இதே ஊசி. ஒரு பாதிப் பேருக்குப் போடக் கற்றுக்கொடுத்து, அடுத்த மூன்று ஊசியையும் கையோடு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். மற்றவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணியாளரிடம் வந்து போட்டுக்கொண்டார்கள். ஓராண்டு முடிவில், தாங்களே போட்டவர்களில் 73 சதவீதம் பேர் தொடர்ந்தார்கள். வந்து போட்டவர்களில் 45 சதவீதம்தான். மருந்தில் வித்தியாசமே இல்லாதபோது இவ்வளவு இடைவெளி எங்கிருந்து வருகிறது? வெயிலில் நடக்கிற தூரம், போனால் ஸ்டாக் இல்லை என்ற பதில், வரிசையில் பார்த்துவிடும் அத்தை. பெண்கள் ஊசியை வெறுத்து நிறுத்துவதைவிட, ஊசியை எட்ட முடியாமல் நிறுத்துவதுதான் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

சின்னப் பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம். மலாவியின் 2015-16 தேசியக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 29 சதவீதம் பேர் ஏற்கெனவே பெற்றவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள். மங்கோச்சி ஆய்வில் சேர்த்ததோ 18 வயது நிரம்பியவர்களை மட்டும். எலும்பு அடர்த்தி கொஞ்சம் குறையும் என்பதால் 18-க்குக் கீழே இந்த ஊசி கூடாது என்று சிலர் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அந்த வயதுப் பெண்களுக்கு இது இரண்டாம் வகை: பொதுவாகக் கொடுக்கலாம். நிறுத்தியபின் அடர்த்தி பெரும்பாலும் திரும்பிவிடும்.

கிளினிக் வாசலில் நடக்கிற ஒரு தவறை நீ முதலில் பிடிக்க வேண்டும். "மாதவிடாய் வந்ததும் வா" என்று திருப்பி அனுப்புவது. கர்ப்பப் பரிசோதனை அட்டை இல்லாத இடத்தில் இது வழக்கமாகிவிடுகிறது. அப்படிப் போன பெண் அடுத்த முறை வயிற்றோடு வருவாள். ஆறு கேள்வி போதும்: கடந்த ஏழு நாளுக்குள் மாதவிடாய் தொடங்கியதா, கடைசி மாதவிடாய்க்குப் பிறகு உறவே இல்லையா, நம்பகமான முறையை விடாமல் பயன்படுத்துகிறாளா, நான்கு வாரத்துக்குள் பிரசவமா, ஏழு நாளுக்குள் கருச்சிதைவா, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுத்து இன்னும் மாதவிடாய் வரவில்லையா. ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' வந்து, கர்ப்ப அறிகுறியும் இல்லையென்றால் அன்றைக்கே போடலாம். மாதவிடாய் தொடங்கி ஏழு நாள் தாண்டியிருந்தால் அடுத்த ஒரு வாரம் ஆணுறை. ஆறு வாரம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பவர், ரத்த அழுத்தம் 160/100 அல்லது அதற்கு மேல் உள்ளவர், மார்பகப் புற்றுநோய் வந்தவர், இவர்களுக்கு வேறு முறை பார்.

இனி கற்றுக்கொடுப்பது. உப்பு நிரப்பிக் கட்டிய ஆணுறையில் குத்திப் பழக்கு. தோலுக்கு அடியில் போவது கைக்குப் புரிந்துவிடும். இடம் தொடையின் முன்பக்கம், அல்லது தொப்புளை விட்டு அடிவயிறு. குமிழைத் தொடாமல், குமிழுக்கும் ஊசிக்கும் நடுவே உள்ள கழுத்தைப் பிடித்து 30 விநாடி நன்றாகக் குலுக்க வேண்டும். மருந்து அடியில் தங்கிவிடும் என்பதால் குலுக்காமல் போட்டால் முழு அளவு உடம்புக்குப் போகாது. குலுக்கிவிட்டுத் தாமதமானால் மறுபடி குலுக்கு. பிறகு ஊசியை மேல்நோக்கி வைத்து, மூடியைக் கழுத்துக்குள் இடைவெளி தெரியாதபடி அழுத்த வேண்டும். முதல் தடவை போடுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். அரைகுறையாக அழுத்தினால் உள்ளே திறக்காது, எவ்வளவு பிதுக்கினாலும் மருந்து வராது. மூடியைக் கழற்றும்போது குமிழை நெரித்தாலோ மருந்து வழிந்துவிடும்.

தோலைக் கிள்ளித் தூக்கி, ஊசியைக் கீழ்நோக்கிச் சாய்த்து, கழுத்து தோலைத் தொடும்வரை குத்தி, 5 முதல் 7 விநாடி மெதுவாகப் பிதுக்கச் சொல். ஊசியை எடுத்த பிறகுதான் கிள்ளிய தோலை விட வேண்டும். தேய்க்கக் கூடாது. குமிழில் ஒரு சொட்டு மிச்சமிருந்தால் பரவாயில்லை, இரண்டாவது ஊசி போட்டுவிட வேண்டாம்.

அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து. இரண்டு வாரம் முன்னதாகவும் நான்கு வாரம் பின்னதாகவும் போடலாம். இதை மறக்காமல் சொல். ஒரு வாரம் தவறியதற்கே "இனி பிரயோஜனமில்லை" என்று நிறுத்தியவர்கள் நிறைய. வீட்டில் வைக்கும் ஊசி வெயில் படாமல், குழந்தை கைக்கு எட்டாமல் இருக்கட்டும். போட்டு முடித்தது ஊசி துளைக்காத மூடியுள்ள டப்பாவில் சேர்ந்து பணியாளரிடம் திரும்பட்டும். கணவனோ மாமியாரோ அறியாமல் போடுகிறவள் எங்கே ஒளித்து வைப்பாள் என்பதை அவளிடமே கேட்டு முடிவு செய்துவிடு.

ரத்தப்போக்கைப் பற்றி முன்கூட்டியே பேசாமல் யாரையும் அனுப்பாதே. முதல் சில மாதம் கன்னாபின்னாவென்று படும், பிறகு குறையும், ஓராண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மாதவிடாயே நின்றுபோகும். இதைச் சொல்லாவிட்டால், கெட்ட ரத்தம் உள்ளே தங்குகிறது, இனிக் குழந்தையே பிறக்காது என்று அக்கம்பக்கத்தில் சொல்வதுதான் அவள் காதில் விழும். இன்னும் பிள்ளை பெறாத பெண்ணுக்கு அந்தப் பயம் மிகப் பெரியது. நிறுத்தினால் கர்ப்பம் தரிக்கும், ஆனால் கடைசி ஊசியிலிருந்து சராசரியாக 10 மாதம் ஆகும் என்று நேராகச் சொல். அடுத்த வருஷமே குழந்தை வேண்டும் என்பவளுக்கு மாத்திரையோ ஆணுறையோதான் பொருத்தம். அதிகமாகப் பட்டால் மெஃபனமிக் அமிலம் 500 மில்லிகிராம், சாப்பிட்டபின் தினம் இரு வேளை, 5 நாள்.

ஏரிக்கரை ஊர்களில் ஒன்றைத் தனியாகக் கவனி. மலாவி ஏரித் தண்ணீரில் பில்ஹார்சியா புழு உண்டு. துணி துவைக்க, தண்ணீர் எடுக்க இறங்கும் பெண்களுக்கு அதன் முட்டைகள் கருப்பை வாயில் தங்கிப் புண்ணாகும். உறவுக்குப் பின் ரத்தம், வெள்ளைப்படுதல், வலி. பால்வினை நோய் என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், அந்தப் பெண் வீண் பழி சுமப்பாள். சிறுநீரில் ரத்தம் போகிறதா என்று கேள். மருந்து பிராசிகுவாண்டல், கிலோவுக்கு 40 மில்லிகிராம். காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் அதைப் பார்த்த பிறகே கருத்தடை ஊசி.

எச்ஐவி பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். இந்த ஊசியால் தொற்று கூடுமோ என்ற பயம் பல வருடம் இருந்தது. எஸ்வாத்தினி, கென்யா, தென்னாப்பிரிக்கா, சாம்பியா ஆகிய நாடுகளில் 7,829 பெண்களிடம் தசை ஊசி, காப்பர்-டி, கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வந்தது. மூன்றுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மூன்று குழுக்களிலுமே ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்றுக் குறைவாகத் தொற்றியது. அதை நினைத்தால் மனது கனக்கிறது. ஊசியோடு ஆணுறையும் பரிசோதனையும் சேர்த்தே கொடு.

ஸ்டாக் விஷயத்தில் உஷாராக இரு. 2025-இல் அமெரிக்க உதவி நின்ற பிறகு வெளிநாட்டுப் பணத்தை நம்பிய கருத்தடைப் பொருட்களின் வரத்து பல நாடுகளில் ஆட்டம் கண்டிருக்கிறது. போனதும் மாவட்ட மருந்துக் கிடங்கின் இருப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, மூன்று மாத வரத்தும் செலவும் பார். ஆளுக்கு மூன்று ஊசி தர முடியாத நிலை என்றால், எத்தனை பேருக்குத் தர முடியுமோ அத்தனை பேருக்கு மட்டும் பயிற்சி தொடங்கு. அங்குள்ள கிராம சுகாதார உதவியாளர்கள் 2008-இலிருந்தே ஊசி போடுகிறவர்கள், யார் வீடு எங்கே என்பது அவர்களுக்குத் தெரியும். முதல் வாரம் அவர்களோடு நட. சிச்சேவா, யாவ் இரண்டு மொழியிலும் படம் போட்ட அட்டை கிடைக்கிறதா என்று கேட்டு எழுது. இல்லையென்றால் இங்கிருந்து படங்கள் மட்டும் வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
மல்லிகா