ஒய்.பி. எஞ்சினுக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஸ்டேஷன் முகப்பில் மீட்டர்கேஜ் ஒய்.பி. நீராவி எஞ்சின் புதுக் கூரையின் கீழ் வந்து நின்றுவிட்டது. பார்க்க வருகிறவர்கள் கறுப்பு வண்ணத்தையும் சக்கரங்களை இணைக்கும் மின்னும் கோல்களையும் பாராட்டுகிறார்கள். பெயின்ட் கடைசிக் கட்ட வேலைதான். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் உழைத்தவர்கள் யார், என்ன செய்தார்கள் என்பது வெளியில் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஒய்.பி. வகையில் மொத்தம் 871 எஞ்சின்கள் கட்டப்பட்டன. 1949-இல் முதல் தொகுதி அமெரிக்காவின் பால்ட்வின் ஆலையிலிருந்து வந்தது. பிற்பாடு பெரும்பாலானவை ஜாம்ஷெட்பூர் டெல்கோ ஆலையில் உருவானவை. முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் 1,372 மி.மீ. விட்டமுள்ள ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. விழுப்புரம், மாயவரம், தஞ்சாவூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதன் விசில் காதில் இருக்கும்.

முதல் நன்றி, பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஃபிட்டர் அண்ணன்களுக்கு. பெயின்ட் டப்பாவைத் திறக்கவே விடவில்லை. "முதல்ல தண்ணி எங்க நிக்குதுன்னு பாருங்க" என்றார்கள். திறந்த சிம்னி வழியே இறங்கிய மழை, பாய்லருக்கு முன்னால் புகை சேரும் ஸ்மோக் பாக்ஸின் அடியில் தேங்கியிருந்தது. அங்கே கிடந்த பழைய சாம்பலில் கந்தகம் உண்டு. தண்ணீர் பட்டால் அமிலமாகிவிடும். அடித்தகட்டைச் சுத்தியலால் தட்டினால் மணி போல் ஒலிக்க வேண்டும். இங்கே 'சொத்' என்றது, அடுத்த தட்டில் சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. பாய்லரைக் கழுவும் துளைகளை அடைக்கும் வாஷ்அவுட் பிளக்குகளில் கீழ் வரிசையைக் கழற்றியதும் துருச்சேறு நான்கு வாளி வந்தது. எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரில் கரித்தூள் மக்கி மண்ணாகி, அதில் அரசங்கன்று முளைத்து, வேர் ரிவெட் வரிசைக்குள் நுழைந்திருந்தது. கன்றை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். தகட்டைப் பிரித்து வேரை முழுக்க எடுத்தார்கள்.

இப்போது பிளக் துளைகள் திறந்தே இருக்கின்றன, கம்பிவலை மட்டும் போட்டிருக்கிறது. உள்ளே காற்று ஓடினால்தான் ஈரம் காயும். டெண்டர் தொட்டியின் தாழ்ந்த இடங்களில் 12 மி.மீ. துளைகள் போட்டிருக்கிறோம். சிலிண்டர் வடிகுழாய்களும் திறந்திருக்கின்றன. சிம்னி விளிம்புக்கு ஒரு சாண் கீழே, தரையிலிருந்து தெரியாதபடி, ஓரத்தில் காற்றிடைவெளி விட்டு ஒரு மூடி இருக்கிறது. இந்த எஞ்சினைக் காப்பாற்றியது இந்த நான்கும்தான்.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) அகற்றிய குழுவுக்குத் தனி நன்றி. பாய்லருக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே அடைத்திருக்கும் வெள்ளைப் பொருளைப் பஞ்சு என்று நினைத்துக் கையால் பிய்க்கிறவர்கள் இன்றும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். முதலில் சிறு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கல்நார் என்று உறுதியானது. பிறகு சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, தண்ணீர் தெளித்து ஈரமாகவே எடுத்து, இரட்டைப் பையில் கட்டி, அபாயக் கழிவு ஏற்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். சித்திரை வெயிலில் முழு உடுப்பும் முகமூடியும் போட்டுக்கொண்டு செய்த வேலை அது. ஒருவர்கூட முகமூடியைக் கழற்றவில்லை.

லேத் பட்டறைக்காரர் எங்கள் தலைவலி ஒன்றைத் தீர்த்தார். இந்த எஞ்சினின் போல்ட்டுகள் விட்வொர்த் அளவு. மரைக் கோணம் 55 டிகிரி, அரை இஞ்ச் போல்ட்டில் இஞ்சுக்கு 12 மரை. கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் போல்ட் 60 டிகிரி. முதல் இரண்டு சுற்று பிடிப்பது போலிருக்கும், அப்புறம் துளையின் மரையையே தின்றுவிடும். தேவையான ஒவ்வொன்றையும் அவர் கடைந்து கொடுத்தார். இறுகிப்போன நட்டுகளுக்கு டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி இரண்டு வாரம் ஊறவிட்டு, பிறகு கேஸ் வைத்துச் சூடாக்கி, ஆறும்போது திருகச் சொன்னதும் அவரே.

காற்றழுத்தத்தில் துகளை அடித்துத் துரு நீக்கிய பிளாஸ்டிங் குழு, மணல் வேண்டாம், அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்று தாமிரக் கசடு கொண்டுவந்தார்கள். மெல்லிய வெளித்தகடுகளில் அதையும் அடிக்கவில்லை, அடித்தால் தகடு நெளிந்துவிடும் என்று கம்பி பிரஷால் கையாலேயே தேய்த்தார்கள். தகட்டைத் தேய்த்த பிறகும் உப்பு இருக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தினார்கள். உப்பு உள்ளே மாட்டிக்கொண்டால் ஒரே மழைக்காலத்தில் பெயின்ட் கொப்புளம் போட்டுவிடும். மறுபடி லேசாக பிளாஸ்ட் செய்து, நான்கு மணி நேரத்துக்குள் துத்தநாக எபாக்ஸி ப்ரைமர் 75 மைக்ரான், மேலே எபாக்ஸி 100, கடைசியில் பாலியூரிதேன் 50. எபாக்ஸியோடு நிறுத்தினால் வெயிலில் சுண்ணாம்பாக வெளுக்கும். காற்றில் ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டிய நாள்களில் பெயின்டர் தம்பிகள் கூலி போனாலும் பரவாயில்லை என்று பிரஷைத் தொடவில்லை.

கோல்களில் முன்பு யாரோ பூசியிருந்த வெள்ளிப் பெயின்டை நீக்கினோம். அடியில் எண்ணெய்த் துளைகளும், உளியால் குத்திய எண்களும் வெளிவந்தன. இடப்பக்கக் கோலில் ஓர் எண், வலப்பக்கத்தில் வேறோர் எண்: பணிமனையில் வேறு எஞ்சினிலிருந்து எடுத்து மாட்டிய கோல். அந்த எஞ்சின் என்றைக்கோ உடைபட்டிருக்கும், ஒரு கோல் மட்டும் இங்கே இருக்கிறது. கோல்களுக்கு இனி பெயின்ட் கிடையாது, ஆட்டு ரோமக் கொழுப்பான லேனோலின் கிரீஸ் மெல்லிய பூச்சுதான்.

களவு போன விசிலை வார்த்துக் கொடுத்த நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைக்கு எப்படி நன்றி சொல்வது! வார்ப்பு ஆறும்போது பித்தளை ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் சுருங்கும். அதனால் மரமாதிரியை அந்த அளவு பெரிதாகச் செய்யச் சொல்லி, காவிரி வண்டல் மண்ணில் அச்சுப் பதித்து வார்த்தார்கள். விளிம்பு நூல் பிடித்தாற்போல் இருக்கிறது.

கிரேன் ஆபரேட்டர்களும் பாரம் தூக்கும் கலாசிகளும் செய்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பிஸ்டன் காய்ந்த சிலிண்டரை உரசாமலிருக்க அதைச் சக்கரத்தோடு இணைக்கும் கனெக்டிங் ராடைக் கழற்றி, பிஸ்டன் தண்டின் முனையிலுள்ள கிராஸ்ஹெட்டைக் கட்டிவைத்தார்கள். சங்கிலியை பாய்லரில் போடவே கூடாது. முன்னும் பின்னும் சட்டத்துக்கடியில் உத்திரம் கொடுத்துத்தான் தூக்கினார்கள். சக்கர அச்சுகளைப் பிடித்திருக்கும் ஆக்சில் பாக்ஸ்களைக் கீழிருந்து தாங்கும் பட்டைகளில் இரண்டு விரிசல் விட்டிருந்ததை, தூக்கும் நாள் காலையில் மூத்த கலாசி ஒருவர் கையால் தடவியே கண்டுபிடித்தார். மாற்றிவிட்டுத்தான் தூக்கினோம். மாற்றாமலிருந்தால் சட்டம் மேலே எழும்பும்போது சக்கரங்கள் கீழே கழன்றிருக்கும்.

பீடத்துக்கு கிரானைட் பதிக்கலாம் என்று வந்த நன்கொடையைக் கூரைக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தவர்களுக்கு எங்கள் ஆழ்ந்த நன்றி. ஐப்பசி மழை சாய்ந்தடிக்கும். அதனால்தான் கூரை ஒன்றரை மீட்டர் வெளியே நீண்டிருக்கிறது. ஆண்டுதோறும் புரட்டாசியில் வடிதுளைகளில் சருகு அடைத்திருக்கிறதா என்று குத்திப் பார்க்கும் பொறுப்பை ஸ்டேஷன் ஆட்டோ நிறுத்தத்துத் தோழர்கள் ஏற்றிருக்கிறார்கள். குத்துவதற்கான கம்பி டெண்டரின் பின்பக்கம் தொங்குகிறது, எடுத்தவர்கள் அங்கேயே மாட்டிவிடவும்.

இன்னும் கிடைக்காதவை: நீராவி அழுத்தமானி, டெல்கோ பெயர்த்தகடு, டெண்டர் இடப்பக்கக் கீழ்ப்படி. யாரிடமாவது இருந்தால், பொருளைத் தர வேண்டாம், ஒரு நாள் கொண்டுவந்து காட்டினால் போதும். அளவெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
எஞ்சின் சீரமைப்புக் குழுவினர்