செப்டம்பரில் ஜின்செங் தோண்டக் கிளம்பும் நம் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

சார்லட், ராலே, அட்லாண்டா, வடக்கு வர்ஜீனியா என்று அப்பலாச்சிய மலைகளுக்குக் காரில் போய்வரும் தூரத்தில் வாழ்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். செப்டம்பர் 1 வந்தால், மருந்து வேருக்காகத் தேடப்படும் காட்டுச் செடியான ஜின்செங்கைத் தோண்டும் பருவம் தொடங்குகிறது. இந்த வருடம் குடும்பத்தோடு போய்த் தோண்டிப் பார்க்கலாமா என்று நம்மவர்கள் பேசிக்கொள்வது அடிக்கடி காதில் விழுகிறது. காய்ந்த வேர் ஒரு பவுண்டு பல நூறு டாலர் போகும், நல்ல வருடத்தில் ஆயிரத்தைக்கூடத் தொடும் என்ற கதை எல்லோரையும் எட்டியிருக்கிறது. நான் மேற்கு வட கரோலினாவில், மலைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: தோண்டாதீர்கள். சட்டம் அனுமதிக்கிற இடத்திலும் வேண்டாம். பார்க்கப் போங்கள், பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், இடம் இருந்தால் நடுங்கள்.

முதலில் செடியைப் பற்றிச் சொல்கிறேன். வடக்கு அல்லது கிழக்கு பார்த்த சரிவில், டூலிப் பாப்லரும் சுகர் மேப்பிளும் நின்று நிழல் கொடுக்கும் இடத்தில், சருகு மக்கிக் கறுத்த ஈர மண்ணில் அது வளரும். பிளாக் கோஹாஷ், ப்ளட்ரூட், மெய்டன்ஹேர் பெரணி எல்லாம் சேர்ந்து தெரிகிற இடத்தில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். செடி பெரும்பாலும் முழங்காலைத் தாண்டாது. தரையிலிருந்து ஒரே தண்டு. அதன் உச்சியில், ஒரே புள்ளியிலிருந்து, மூன்று நான்கு இலைக்காம்புகள் குடைக்கம்பி மாதிரி விரியும். இங்கே மலைக்காரர்கள் அதைப் ‘பிராங்’ என்பார்கள். ஒவ்வொரு காம்பிலும் ஐந்து சிற்றிலைகள்: மூன்று பெரியவை, அடியில் இரண்டு சின்னவை. காம்புகள் பிரிகிற இடத்திலிருந்து மெல்லிய குச்சி ஒன்று எழும்பி, அதன் நுனியில் சிவப்புப் பழங்கள் கொத்தாக இருக்கும்.

இனி மண்ணுக்குக் கீழே. தண்டின் அடியில் விரலால் மண்ணை மெல்ல விலக்கினால், வேருக்கும் தண்டுக்கும் நடுவில் கழுத்துப் பகுதி தெரியும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தண்டு உதிரும்போது அந்தக் கழுத்தில் ஒரு வடு விழும். நான்கு வடு இருந்தால் செடிக்கு ஐந்து வயது. எண்ணிப் பார்த்துவிட்டு மண்ணை மூடி, சருகை மேலே இழுத்துவிட்டால் செடிக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் பக்கத்து நிலத்துப் பெரியவர் எனக்கு இப்படி ஒரு செடியைக் காட்டினார். கழுத்து கோணல்மாணலாக என் சுண்டுவிரல் நீளத்துக்கு இருந்தது. ஒரு வடுவுக்கும் அடுத்ததற்கும் நடுவே அரிசி அகலம்கூட இல்லை. எண்ணிக்கொண்டே போனால் முப்பதைத் தாண்டியது. அவர் சின்ன வயதிலிருந்து ஜின்செங் தோண்டுகிறவர்தான். ஆனால் அந்தச் செடியில் கை வைக்க மாட்டார். அந்தச் சரிவில் நிற்கும் கன்றுகளுக்கெல்லாம் அதுதான் தாய் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு முற்றிலும் சரி. கீழே விழுந்த ஜின்செங் விதை அடுத்த வசந்தத்தில் முளைத்துவிடாது. அதற்கும் அடுத்த வசந்தம் வரை, ஏறத்தாழ 18 மாதம், மண்ணிலேயே கிடக்கும். எலி தின்னும், காய்ந்துபோகும், மழையில் அடித்துக்கொண்டு போகும். தப்பி முளைத்தால் முதல் வருடம் மூன்றே மூன்று சிற்றிலை. அப்புறம் ஒரு காம்பு, இரண்டு காம்பு என்று ஏறி, மூன்று காம்புள்ள செடியாகி ஒழுங்காகக் காய்க்கப் பல வருடங்கள் ஆகிவிடும். அப்படி நிலைத்துவிட்ட செடி ஐம்பது வருடம்கூட வாழும். வருடா வருடம் விதை கொடுக்கும். தோண்டிய இடத்திலேயே பழத்தை நட்டுவிடுகிறோமே, சட்டமும் அதைத்தானே சொல்கிறது என்று கேட்பீர்கள். நடத்தான் வேண்டும். ஆனால் இந்த வருடத்துப் பழத்தை நட்டுவிட்டால், அந்தச் செடி இனி முப்பது வருடம் கொடுத்திருக்கக்கூடிய பழங்களுக்கு அது ஈடாகிவிடுமா?

தோண்டுகிறவர்களை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. மான்கள் இலையையும் பழத்தையும் மேய்ந்துவிடுகின்றன. வேட்டையாடும் ஓநாயும் மலைச்சிங்கமும் இந்த மலைகளிலிருந்து போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டதால் மான் கூட்டம் பெருகியிருக்கிறது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மான் மேய்ச்சல் இதே அளவில் தொடர்ந்தால் தாங்கள் கவனித்த ஜின்செங் கூட்டங்கள் ஒரு நூற்றாண்டுக்குள் அழிந்துபோகக்கூடும் என்று கணித்தார்கள். நிலக்கரிக்காக மலை உச்சியையே வெட்டித் தள்ளிய இடங்களில் காடே இல்லை, செடிக்கு எங்கே போவது? இத்தனைக்கும் நடுவில் மிஞ்சியிருப்பவை சின்னச் சின்னக் கூட்டங்கள். அதில் நாம் வேறு மண்வெட்டியோடு போய் இறங்க வேண்டுமா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு இது தெரியவில்லை. கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவில் ஒரு வேரைக்கூடத் தொடக்கூடாது. பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். அங்கே வேர்களுக்குச் சாயம் ஏற்றி அடையாளம் வைத்திருக்கிறார்கள். வியாபாரியின் கடையில் போய்ச் சேர்ந்தாலும் எந்தக் காட்டு வேர் என்று கண்டுபிடித்துவிடலாம். திருடர்களிடமிருந்து பறிமுதல் செய்த 15,000க்கும் மேற்பட்ட வேர்களைப் பூங்கா உயிரியலாளர்கள் திரும்ப நட்டிருக்கிறார்கள். தேசியப் பூங்காவும் தேசிய வனமும் வேறு வேறு, வனத்தில் அனுமதிச் சீட்டு வாங்கித் தோண்டலாம் என்று யாராவது சொன்னால், அது பழைய தகவல். நான்டஹாலா, பிஸ்கா தேசிய வனங்களில் 2013இலேயே சீட்டுகளை முக்கால் பங்கு குறைத்தார்கள், 2021இல் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். செடி குறைந்துகொண்டே போனதுதான் காரணம்.

தனியார் நிலத்தில் என்றால் வட கரோலினாவில் உரிமையாளர் எழுதிக் கொடுத்த, தேதியிட்ட அனுமதி கையில் இருக்க வேண்டும். அதுவும் 180 நாள்தான் செல்லும். அனுமதி இல்லாமல் பிறர் நிலத்து ஜின்செங்கை எடுப்பது இங்கே பெருங்குற்றம், ஃபெலனி. விசாவிலும் கிரீன் கார்டு வரிசையிலும் இருக்கிற நம்மவர்கள் இந்த ஒரு வார்த்தையை இரண்டு முறை படிக்க வேண்டும். காட்டில் வேலியும் கிடையாது, பலகையும் கிடையாது. யாருடைய நிலத்தில் நிற்கிறோம் என்பது உள்ளூர்க்காரர்களுக்கே சில சமயம் குழப்பம்தான்.

இந்த வேர் 1975 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 19 மாநிலங்களிலிருந்துதான் காட்டு வேரை ஏற்றுமதி செய்ய முடியும், அதுவும் குறைந்தது ஐந்து வயதானவற்றை மட்டும். தெற்கு கரோலினா அந்த 19இல் இல்லை. பெட்டியில் நான்கு வேர் போட்டு ஊருக்கு எடுத்துப்போகலாம் என்று எண்ணுகிறவர்கள், முதலில் அமெரிக்க மத்திய அரசின் மீன், வனவிலங்குத் துறையிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சரி, ஒழுங்காக அனுமதி வாங்கி, பருவத்தில், வயதான செடியாகப் பார்த்து எடுத்தால்கூடவா கூடாது என்று கேட்பவர்களுக்கு, எனக்கு முக்கியமாகப் படுகிற காரணத்தைச் சொல்கிறேன். அது இந்த மலை மக்களின் வருமானம். 1716இல் பிரெஞ்சுப் பாதிரியார் லாஃபிதோ மான்ட்ரியல் அருகே மோஹாக் மக்களின் துணையோடு இந்தச் செடியை அடையாளம் கண்டதிலிருந்து இது சீனாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருக்கிறது. 1784இல் நியூயார்க்கிலிருந்து கான்டனுக்குப் புறப்பட்ட எம்ப்ரஸ் ஆஃப் சைனா கப்பலில் ஏறத்தாழ 30 டன் ஜின்செங் போனது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு யார் யாருக்கோ போனாலும், ஒரு சின்னப் பங்கு தலைமுறை தலைமுறையாக இந்த மலைக் குடும்பங்களுக்கு வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செருப்பு, நிலவரி, கிறிஸ்துமஸ் செலவு என்று அதற்கு ஒரு கணக்கு இருந்தது. சுரங்கம் மூடி வேலை போன ஊர்களில் இன்றைக்கும் இருக்கிறது. பெரியவர் வீட்டில் வராந்தாவில் கம்பி வலைத் தட்டில் வேர்களைப் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். பிரஷ் போட்டுத் தேய்க்க மாட்டார்கள். தண்ணீரில் அலசுவதோடு சரி. தோலில் இருக்கிற வளையங்களும் நீளமான கழுத்தும் சேதமில்லாமல் இருந்தால்தான் ஹாங்காங் வரை அந்த விலை நிற்கும்.

நாம் அப்படி இல்லை. நம்மில் பெரும்பாலோர் நல்ல சம்பளத்தில் இருக்கிறோம். ஒரு சனிக்கிழமைப் பொழுதுபோக்குக்காக, இன்னொருவர் வீட்டு வரவைப் போய்த் தோண்டுவது எனக்கு உறுத்துகிறது. லாபமாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. பச்சை வேர் காயும்போது எடையில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். காய்ந்த காட்டு வேர் ஒரு பவுண்டு சேர நூறு, இருநூறு, அதற்கு மேலும் வேர்கள் வேண்டும். ஒரு குடும்பம் நாள் முழுக்க அலைந்து பத்து வேர் எடுத்தால், பெட்ரோலும் மதியச் சாப்பாடும் போகக் கையில் பெரிதாக எதுவும் நிற்காது. ஆனால் அந்தப் பத்துச் செடியில் ஒரு சரிவே காலியாகியிருக்கலாம்.

அம்மா அப்பா உடம்புக்கு நல்லது என்றுதான் தேடுகிறோம் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க ஜின்செங் ரத்தச் சர்க்கரையை இறக்கக்கூடியது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மருந்தின் பலனைக் குறைக்கக்கூடியது. நம் வீட்டுப் பெரியவர்களில் சர்க்கரை மாத்திரையும் இதய மருந்தும் சாப்பிடாதவர் எத்தனை பேர்? மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அவர் சரி என்றால், விஸ்கான்சினில் மாரத்தான் கவுண்டியில் நிழல்வலை கட்டி ஏக்கர் ஏக்கராக இதே செடியைப் பயிர் செய்கிறார்கள். விலையும் காட்டு வேரைவிட மிகக் குறைவு. அதை வாங்குங்கள்.

இனி நடுவதைப் பற்றி. நம்மவர்களில் சிலர் மலையில் கேபினும் கொஞ்சம் காடும் வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் காடு வடக்குச் சரிவாக, இலையுதிர் மரங்களோடு இருந்தால் உங்களால் ஜின்செங்கைத் திரும்பக் கொண்டுவர முடியும். ஈரமணலில் வைத்துப் பதப்படுத்திய, வரும் வசந்தத்தில் முளைக்கத் தயாரான விதை இலையுதிர் காலத்தில் விற்பனைக்கு வரும். உங்கள் வட்டாரத்துச் செடியின் விதை கிடைத்தால் அதுவே நல்லது. சருகை ஒதுக்கி, அரை அங்குலத்துக்குச் சற்று அதிக ஆழத்தில் விதைத்து, அதே சருகை மேலே போட்டுவிடுங்கள். உழ வேண்டாம், உரம் வேண்டாம், நெருக்கமாகவும் வேண்டாம். நெருங்கினால் பூஞ்சை நோய் வரும். ஏற்கெனவே செடி இருந்தால், பழம் சிவந்ததும் பறித்து அதே சரிவில் கொஞ்சம் தள்ளி ஊன்றுங்கள், மான் வாய்க்குப் போகாமல் தப்பும். இது உங்கள் நிலத்தில் மட்டும். பூங்காவிலும் வனத்திலும் பழத்தைக்கூடத் தொட வேண்டாம்.

பார்க்கப் போகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள். படம் எடுங்கள், ஆனால் கைபேசியில் இடக்குறியை அணைத்துவிட்டு எடுங்கள். எந்தப் பாதை, எந்த ஓடை என்று எங்கும் எழுதாதீர்கள். திருடர்கள் அதைப் படிக்கிறார்கள்.

நட ஆசைப்படுகிறவர்கள் அக்டோபர் கடைசியில், தரை இறுகுவதற்குள், எங்கள் பக்கம் வாருங்கள். நானும் கொஞ்சம் விதை வாங்கி வைக்கிறேன். பெரியவரும் சரிவைக் காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
மேற்கு வட கரோலினா மலையடிவாரத்திலிருந்து
உங்களில் ஒருவன்