ஆற்றங்கரை நிலம் குறித்து மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குரல் பதிவில் நீ கேட்டதற்குச் செல்பேசியிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பணம், நிலம், உறவு மூன்றும் சேர்ந்திருக்கும் விஷயத்தைப் பேச்சில் சொன்னால் பாதி விட்டுப்போகும். மீதி வேறு பொருளில் போய்ச் சேரும். ஆகவே தாளில் எழுதுகிறேன். உன் அண்ணன் இதைப் படமெடுத்து அனுப்புவான்; தைவானில் வேலை ஓய்ந்த நேரத்தில் நிதானமாகப் படி.

மாமா விற்கப்போகும் ஆற்றங்கரை நிலத்தை உன் சேமிப்பைக் கொண்டு வாங்கி, அதில் நெல் போட்டு, நம் வீட்டில் கடை அரிசியே இல்லாமல் செய்ய வேண்டும் என்பது உன் விருப்பம். நிலத்தை வாங்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் மாமா சொல்லும் பரப்பளவுக்கு அல்ல. நீ நினைக்கும் பயிருக்கும் அல்ல. காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீ ஊரை விட்டுப் போனபோது உனக்குப் படிப்புதான் தெரியும், மண் தெரியாது.

இங்கே ஜாவாவில், நம் ஊரில் ஆற்றுக்கு அருகிலுள்ள நிலம் மேடு; ஆற்றை விட்டு விலகிய நிலம் பள்ளம். வெளியூர்க்காரர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். பெங்காவான் சோலோ ஆறு கரைபுரளும் போதெல்லாம் கனமான மணலையும் வண்டலையும் கரையோரத்திலேயே இறக்கிவிட்டு, நுண்ணிய களியை மட்டும் உள்ளே கொண்டுபோகிறது. அப்படிக் காலங்காலமாக இறங்கிய மேட்டின்மீதுதான் நம் வீடுகளும், வாழையும், மூங்கில் புதர்களும் இருக்கின்றன. களி படிந்த பள்ளத்தில் வயல்கள் இருக்கின்றன. களிமண் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாமாவின் மண் பிடிக்காது. அதில் வரப்புக் கட்டி மாலையில் நீர் பாய்ச்சினால், மறுநாள் காலையில் சேறுகூட மிஞ்சியிருக்காது. பம்பு வைத்து நாள் தவறாமல் இறைக்கலாம்தான். ஆனால் அப்படி விளைந்த அரிசியைவிடக் கடை அரிசி மலிவாக இருக்கும்.

வாய்க்கால் பாசனம் இல்லையா என்று கேட்பாய். டச்சுக்காரர்கள் 1893-இல் இந்தக் கீழ்ச் சோலோ சமவெளி முழுவதற்கும் பாசனம் தருவதாகச் சொல்லிப் பெரிய வேலை ஒன்றைத் தொடங்கினார்கள். செலவு கட்டுக்கடங்காமல் போனதால் 1898-இல் நிறுத்தினார்கள். பிறகு ஒரேயடியாகக் கைவிட்டுவிட்டார்கள். 1933-இல் கட்டி முடித்த பாச்சால் நீர்த்தேக்கம் நம் போஜோனெகோரோ மாவட்டத்தின் வேறு பகுதிகளுக்குப் பயன்படுகிறது, நமக்கு எட்டவில்லை. எனவே நமக்கு மழையும் பம்பும்தான்.

இனி மாமாவின் நிலத்துக்கு வருகிறேன். அது வீடுகளுக்குப் பின்னாலுள்ள பாதையில் தொடங்கி ஆற்றுத் தண்ணீர் வரை ஒடுங்கி நீளும் ஒரே துண்டு. அதை அவர் ஒரே நிலமாகக் காட்டுகிறார். உண்மையில் அது இரண்டு. மேல்பாதி மேட்டு நிலம். அரசு 2017-இல் தொடங்கிய கூட்டுப் பதிவுத் திட்டத்தில் அதற்கு உரிமைச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். நான் கையில் வாங்கிப் பார்த்தேன், எல்லைக்கல்லும் இருக்கிறது. கீழ்ப்பாதி படுகை. அதை ஆறு கொண்டுவந்து போட்டது. ஆறே எடுத்துக்கொண்டும் போகலாம். கிராம அலுவலகத்தின் லெட்டர் சி என்னும் நிலப் பதிவேட்டிலும் அது இல்லை, சான்றிதழிலும் இல்லை. ஆற்றோர எல்லைக்குள் இருப்பதால் இனியும் யார் பெயருக்கும் எழுதித் தரமாட்டார்கள். மாமாவின் தகப்பனார் அதில் மக்காச்சோளம் போட்டார், மாமாவும் போட்டார், ஊரில் யாரும் கேட்கவில்லை. அந்த அனுபவ பாத்தியதையை நானும் மதிக்கிறேன். ஆனால் அதற்கு விலை கொடுக்க மாட்டேன்.

விலை கொடுக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாமாவின் நிலத்தை ஒட்டித்தான் கயிற்றுப் படகுத்துறை இருக்கிறது. மோட்டார் சைக்கிள்களை இறக்கி ஏற்றுவதற்கு அங்கே மூங்கிலில் படி கட்டியிருப்பார்கள் அல்லவா? அந்தப் படியை ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஊர்ப்பக்கமாகத் தள்ளித் தள்ளிக் கட்டவேண்டியிருக்கிறது. மேலே நின்று பார்த்தால் கரை சுவர்போலச் செங்குத்தாக அறுபட்டு, மக்காச்சோளத்தின் வேர்கள் காற்றில் தொங்குவது தெரியும். மேற்கே மணல் உறிஞ்சும் எந்திரப் படகுகள் இரவிலும் ஓடுகின்றன. அடியில் மணல் போனால் மேலே கரை நிற்காது. மாமாவின் மகனுக்குக்கூட இது தெரியும். அவன் கொரியாவுக்குப் போகப் பணம் வேண்டும் என்பதால்தானே இந்த விற்பனையே நடக்கிறது.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 2007 டிசம்பர் 26-இல் மேலே காராங்கான்யாரில் மண் சரிந்து பலர் இறந்த செய்தியை வானொலியில் கேட்டோம். அந்த ஆண்டு முடிவதற்குள் அதே மழையின் தண்ணீர் நம்மிடம் வந்துசேர்ந்தது. போஜோனெகோரோ நகரமே நீரில் நின்றது. நீ அப்போது சிறுமி. பள்ளி விடுமுறை நீண்டது மட்டும் உனக்கு நினைவிருக்கும். வோனோகிரியில் 1980-களின் தொடக்கத்தில் கட்டிய பெரிய அணை இருக்கும்போது ஏன் இப்படி என்று பலரும் கேட்டார்கள். அணை ஆற்றின் தலைப்பில் இருக்கிறது. அதற்குக் கீழே எத்தனையோ கிளையாறுகள் சேர்கின்றன. எல்லாவற்றிலும் பெரியதான மடியூன் ஆறு ஙாவியில் வந்து கலக்கிறது. அந்தத் தண்ணீரை வோனோகிரி அணை எப்படித் தடுக்கும்? இப்போது நீர்மட்டம் 13 மீட்டரைத் தொட்டால் பச்சை, 14-இல் மஞ்சள், 15-இல் சிவப்பு என்று செல்பேசிக்கே எச்சரிக்கை வந்துவிடுகிறது. மாட்டை அவிழ்த்துக்கொண்டு போக நேரம் கிடைக்கிறது. பயிரை அவிழ்த்துக்கொண்டு போக முடியாது.

மேட்டு நிலத்தில் ஒரு நன்மை, வெள்ளம் வந்தாலும் இரண்டொரு நாளில் வடிந்துவிடும். பள்ளத்து வயலில் வாரக்கணக்கில் நிற்கும். அதற்காகத்தான் நம் வயலில் இன்பாரி 30 ரகத்தைப் போடுகிறேன். இரண்டு வாரம் வரை முழுகியிருந்தாலும் தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும் குணத்தைச் சிஹெராங் ரகத்தில் ஏற்றி உருவாக்கிய நெல் அது. இளம்பயிராக இருக்கும்போது மட்டும்தான் அந்தக் குணம் காப்பாற்றும். கதிர் வந்த பிறகு முழுகினால் எந்த ரகமும் ஒன்றுதான்.

நெல்லுக்கு நல்ல விலை வருகிறதே என்று உன் அண்ணன் சொல்கிறான். 2025-இன் தொடக்கத்திலிருந்து அரசு கிலோவுக்கு 6,500 ரூப்பியா என்று கொள்முதல் விலை வைத்தது எங்களுக்கெல்லாம் தெம்புதான், மறுக்கவில்லை. ஆனால் விலையைப் பார்த்து எல்லோரும் ஆண்டுக்கு மூன்று போகமும் நெல்லே போட்டால் எலிக்கும் ஆண்டு முழுவதும் விருந்து. இரவில் வயலைச் சுற்றி மின்கம்பி கட்டி எலியைக் கொல்கிறார்கள்; அதே கம்பியில் கால் பட்டு ஙாவியிலும் ஸ்ராகெனிலும் நம் மாவட்டத்திலும் விவசாயிகள் செத்திருக்கிறார்கள். கம்பி கட்டியவரே காலையில் அதை மிதித்துச் சாகிறார். நம் வயலில் கம்பி கட்டக் கூடாது என்று உன் அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். டெமாக் மாவட்டத்தின் த்லோகோவெரு கிராமத்தில் வயல் நடுவே கூண்டு வைத்து ஆந்தை வளர்த்து எலியைக் கட்டுப்படுத்துகிறார்கள். அதைப்போல் இங்கும் செய்யலாம் என்று கூட்டத்தில் பேசினேன். ஆந்தை வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளித்ததோடு பேச்சு நின்றுவிட்டது.

இடைவிடாமல் நெல் போட்டால் என்ன நடக்கும் என்பதை நான் இளைஞனாக இருந்தபோதே பார்த்தேன். அரிசியில் தன்னிறைவு என்று 1984-இல் நாடே கொண்டாடியது. 1986-இல் புகையான் என்னும் பூச்சி வயல் வயலாகக் காயவைத்துக்கொண்டு போயிற்று. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சியைத் தின்னும் சிலந்திகள்தான் செத்தன. கடைசியில் அரசே அந்த ஆண்டு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை போட்டது. அதற்குப் பிறகு நான் மூன்றாம் போகத்தில் நெல் போட்டதில்லை, பாசிப்பயறுதான்.

ஆகவே மாமாவின் மேட்டு நிலத்தில் என்ன செய்யலாம் என்று யோசித்தேன். புகையிலை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மண் அதற்குப் பொருந்தும், நல்ல ஆண்டில் கைநிறையக் காசு வரும். ஆனால் கோடையில் ஒரு மழை பெய்தால் இலையின் தரம் கெட்டுவிடும். 2010-இலும் 2016-இலும் கோடை முழுவதும் மழை பெய்தபோது இங்கே எத்தனை வீடுகள் கடனில் விழுந்தன என்பது எனக்குத் தெரியும். மேலும் தினமும் ஆற்றிலிருந்து நீர் மொண்டு ஒவ்வொரு செடிக்கும் ஊற்றவும், இலையைச் சீவி மூங்கில் தட்டுகளில் பரப்பி வெயிலில் திருப்பிப் போடவும் ஆள் வேண்டும். ஊரில் இருப்பவர்கள் என் வயதுக்காரர்கள்.

எனக்குப் பிடித்த யோசனை நட்சத்திரப் பழம். காலித்தீடு பக்கத்தில் ஙிரிஙின்ரெஜோ ஊரார் இதே ஆற்றங்கரையில், இதே மண்ணில், வெள்ளத்தில் பயிர் அழிந்து அழிந்து சலித்துப்போய் 1980-களில் பழமரத்துக்கு மாறினார்கள். மரத்தின் அடியில் சில நாள் தண்ணீர் நின்றாலும் அது சாவதில்லை. படிந்துபோகும் வண்டல் எருவாகிறது. இப்போது சுற்றுலாப் பயணிகள் தோப்புக்கே வந்து பறித்துக்கொண்டு போகிறார்கள். போன மாதம் உன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பிஞ்சு விரல் நீளம் வந்ததும் நெருக்கமாக உள்ளவற்றைக் கிள்ளி எறிந்துவிட்டு, மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் பை மாட்டிக் காம்பில் கட்டுகிறார்கள். இல்லாவிட்டால் பழ ஈ முட்டையிட்டுவிடும். பையின் அடிமுனையை வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே நீர் கோத்துப் பழம் அழுகும். நிழலில் நின்று செய்யும் வேலை. என் முதுகுக்கு நாற்று நடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஒட்டுக்கன்று வைத்தால் மூன்றாம் ஆண்டு வாக்கில் காய்க்கத் தொடங்கும் என்கிறார்கள். அதுவரை இடையில் மிளகாயும் பயறும் போட்டுக்கொள்ளலாம். உன் ஒப்பந்தம் முடிந்து நீ வரும்போது நிலம் வருமானம் தரும் நிலையில் இருக்கும். யாருக்கும் வாரத்துக்கு விட்டுப் பாதி விளைச்சலை இழக்கவும் வேண்டாம்.

பத்திரம் உன் பெயரில்தான் இருக்க வேண்டும். அண்ணன் பெயரில் எழுதினால் வேலை சுலபமாக முடியும் என்று ஊரில் இருவர் சொன்னார்கள். அண்ணனே அதை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு அதில் மகிழ்ச்சி. நீ நேரில் வர முடியாததால், தைப்பேயிலுள்ள நம் இந்தோனேசிய வர்த்தக அலுவலகத்தில் எனக்கு அதிகாரம் அளிக்கும் கடிதம் ஒன்றை எழுதி முத்திரை பெற்று அனுப்ப வேண்டும். அதில் சான்றிதழ் எண்ணும் அதிலுள்ள பரப்பளவும் மட்டுமே இருக்கட்டும். ‘ஆறு வரை’ என்ற சொல் எங்கும் வரக் கூடாது. நிலம் மாமாவுக்குத் தகப்பன்வழி வந்தது. சான்றிதழ் அவர் பெயரில் இருந்தாலும், பின்னால் பேச்சு வராதிருக்க அவருடைய தங்கைகள் இருவரின் கையெழுத்தையும் கேட்கப்போகிறேன்.

மாமாவிடம் பேசுவதுதான் சங்கடம். அவர் மனம் நோகக் கூடாது என்று உன் அம்மா நான்கு முறை சொல்லிவிட்டாள். பேசுவதற்கு ஜாவாவின் ஐந்து நாள் வாரத்தில் வரும் பாஹிங் நாளைக் குறித்தும் வைத்துவிட்டாள். மேல்பாதிக்கு ஊர் விலையில் ஒரு ரூப்பியாகூடக் குறைக்காமல் கொடுப்போம். படுகையில் அவர் உடம்பில் தெம்பு உள்ளவரை மக்காச்சோளம் போட்டுக்கொள்ளட்டும், நாம் தடுக்க மாட்டோம். இந்த ஏற்பாட்டில் அவருக்கும் இழப்பில்லை என்றே நினைக்கிறேன்.

இப்போது நவம்பர், முதல் மழை பெய்து நாற்றங்கால் விட்டிருக்கிறோம். உன் தாத்தாவின் பருவக் கணக்கில் கப்பித்து என்ற பருவம் டிசம்பர் 22-இல் தொடங்கி 43 நாள் நடக்கும். 2007 வெள்ளமும் அந்தப் பருவத்தில் வந்ததுதான். அது கழியும்வரை முன்பணம்கூடக் கொடுக்கப்போவதில்லை. தண்ணீர் எதுவரை ஏறுகிறது, எத்தனை நாளில் வடிகிறது, எல்லைக்கல்லுக்கும் அறுபட்ட கரைக்கும் இடையே எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பார்த்து, நானும் அண்ணனும் நாடா பிடித்து அளந்து பிப்ரவரியில் எழுதுகிறோம். அதுவரை பணம் உன் கணக்கிலேயே இருக்கட்டும். மாமா உன்னை நேரடியாக அழைத்தால் மரியாதையாக நலம் விசாரித்துவிட்டு, நிலப் பேச்சை மட்டும் அப்பாவிடம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா