பணம் போகட்டும், கணக்கு யார் கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பணமே தேவைப்படாத வருங்காலத்தைப் பற்றிக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ற ஞாயிறு பதிப்பில் எழுதிய கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். எல்லாருக்கும் வேண்டியது கிடைக்கும், யாரும் யாரிடமும் காசு கேட்க மாட்டார்கள் என்கிறார். எழுபத்தொரு வயதில் அதைப் படிக்க நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நாள் வர வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் ஓரிடத்தில், இப்போதே கைப்பேசியைக் காட்டிச் சாமான் வாங்குகிறோம், பாதி தூரம் வந்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறார். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் எல்லாருக்கும் மலேசிய அரசாங்கம் மைகார்டு அடையாள அட்டையில் 100 ரிங்கிட் போட்டது. நானும் அட்டையோடு கடைக்குப் போய் அரிசி, எண்ணெய், முட்டை வாங்கினேன். அந்த மாதம் அது பெரிய உதவி, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு ஒரு முழம் பூ வாங்க அது செல்லாது. எதை வாங்கலாம் என்ற பட்டியல் முன்பே போட்டாகிவிட்டது. என் கையில் நோட்டும் இல்லை, சில்லறையும் இல்லை. பணம் கணக்காக மாறி எங்கோ உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். சம்பள நாள் வரைக்கும் வீட்டில் காசே புழங்காது. அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் 555 புத்தகத்தில் கடனாக எழுதி வாங்குவதுதான். உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் புத்தகம். கடைக்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எழுதுவார். என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் கடன் வாங்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் (அன்றைய டாலரை அப்படித்தான் சொல்வோம்) ஒரு கித்தாக்கொட்டையை மைலோ டின்னில் போட்டு வைப்பார். காய்ந்த கொட்டை, விழும்போது டக்கென்று சத்தம் கேட்கும். 1963இல், எனக்கு ஒன்பது வயது, சம்பளத்தன்று டின்னைக் கவிழ்த்து எண்ணினோம். 43 கொட்டை. புத்தகத்தில் 51 வெள்ளி. அம்மா என்னை மறுபடியும் எண்ணச் சொன்னார். 43தான். அப்பா பேசாமல் 51 வெள்ளியைக் கட்டிவிட்டு வந்தார். கொட்டையைக் கொண்டுபோய்க் காட்டி வழக்காட முடியுமா? எட்டு வெள்ளி என்பது அன்றைக்கு அப்பாவின் இரண்டு நாள் கூலிக்கும் மேல்.

காசைக் கண்ணால் பார்க்காமல் நாங்கள் வாழ்ந்துவிட்டோம், தம்பி. அதில் விடுதலை எதுவும் இல்லை.

நோட்டின் மேல் எனக்கு மோகமும் கிடையாது. ஜப்பான்காரன் அடித்த, வாழைமரம் போட்ட பத்து வெள்ளி நோட்டுகளைப் பாட்டி தகரப் பெட்டியில் வைத்திருந்தார். 1945இல் அவை வெறும் காகிதமாகிவிட்டதால் நாங்கள் கடை விளையாட எடுத்துக் கொடுப்பார். 1967 நவம்பரில் பழைய ஒரு வெள்ளி நோட்டு 85 காசாக இறங்கியபோதும் அதே பெட்டியில் கொஞ்சம் மாட்டிக்கொண்டது.

ஆனாலும் பணத்தை ஒரேயடியாகத் திட்ட மனம் வரவில்லை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், எங்கள் ஊர்க்காரர், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அப்பா கட்டினார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பால்வெட்டுக்காரன் காசு தோட்டம் வாங்கிவிட்டது என்று அப்பா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ரசீதுகளை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்க மாட்டார்.

யாரும் கணக்கு எழுதாமல் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். 2021 ஜூலை, கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டு நேரம். சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வாசலில் வெள்ளைக்கொடி கட்டட்டும் என்று நாடு முழுக்கச் செய்தி பரவியிருந்தது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மூன்றாவது வரிசையில் ஒரு வீட்டு கேட்டில் பிள்ளையின் வெள்ளைப் பள்ளிச் சட்டை தொங்கியது. கொடி கட்ட வேறு துணி இல்லை போலும். காலர் உள்பக்கம் நீல மையில் பிள்ளையின் பெயர்கூட இருந்தது. பத்து மணிக்குள் அந்த கேட்டடியில் ஒரு மூட்டை அரிசி, ஒரு தட்டு முட்டை, எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக் (அம்மா) சமைத்த மீன் கறி, முனைக் கடைச் சீனர் அனுப்பிய பால்மாவு. மதியத்துக்குள் சட்டை உள்ளே போய்விட்டது. யார் என்ன கொடுத்தார் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. 1998இல் ஈப்போ பெரியாஸ்பத்திரியில் எனக்கு ஏற்றிய இரண்டு பை இரத்தமும் அப்படித்தான் வந்தது. கொடுத்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

அதனால் அந்த மாணவர் சொல்வதை வெறும் கனவென்று தள்ள மாட்டேன். எனக்கு இடறுகிற இடம் வேறு.

நான் பால் வெட்டிய தோட்டம் இன்று முழுக்கச் செம்பனை, எண்ணெய்ப் பனை. நீண்ட கம்பின் முனையில் கட்டிய அரிவாளை அண்ணாந்து குலையின் காம்பில் மாட்டி இழுக்க வேண்டும். இருபது, இருபத்தைந்து கிலோ குலை தலைக்கு மேலிருந்து விழும். உடம்பெல்லாம் முள் குத்தும், கண்ணில் தூசி கொட்டும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். நாளைக்குப் பார்ப்போம் என்று போட்டு வைக்க முடியாது. எங்கள் பிள்ளைகள் இப்போது அந்த வேலைக்குப் போவதில்லை. வங்காளதேசத்துப் பையன்கள்தான் செய்கிறார்கள். அவர்களில் ஒருவன் காலையில் என் வீட்டைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி "அம்மா" என்று குரல் கொடுப்பான். தங்கை கல்யாணத்துக்காக மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறான்.

காசு வேண்டாத நாளில் அந்தக் கம்பை யார் பிடிப்பது? கோயில் திருவிழாவுக்கு ஆளுக்கொரு உபயம் எடுக்கிறோமே, அதுபோல முறை வைக்கலாம் என்பது என் எண்ணம். வக்கீலும் வாத்தியாரும் ஆண்டுக்கு இரண்டு வாரம் தோட்டத்துக்கு வரட்டும். முறைப் பட்டியல் பாலாய் ராயா எனும் பொது மண்டபச் சுவரில் எல்லாரும் படிக்கிற மாதிரி தொங்க வேண்டும். பட்டியல் எழுதுகிறவர் தம் பிள்ளையின் பெயரை விட்டுவிட்டால் அன்றைக்கே கேட்க வேண்டும். என் அம்மாவைப் போல எழுத்துத் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் அவருக்கு வாசித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும்.

இதுவரைக்கும் நானே யோசித்துவிட்டேன். எங்கள் ஊரில் பணம் ஒழிந்து, அந்தப் பையனின் ஊரில் ஒழியாமல் இருந்தால், அவன் தங்கைக்கு எதை அனுப்புவது என்பதுதான் பிடிபடவில்லை. கட்டுரையைப் படித்ததிலிருந்து அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் இதே நினைப்புதான். மாணவர் இதற்கும் ஒரு கட்டுரை எழுதட்டும். தாங்கள் அதை அவசியம் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்.