மழலையருடன் தாவரவியல் பூங்காவுக்குச் செல்வது குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற பெற்றோர் கூட்டத்தில், பெரிய வகுப்புப் பிள்ளைகளைப் போலவே பிரீ கே.ஜி. குழந்தைகளையும் கோடைக்கானல் பிரையண்ட் பூங்காவுக்கு ஒருநாள் சுற்றுலாவாக அழைத்துச் செல்ல வேண்டும் என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். வகுப்பு ஆசிரியைகளுடன் கலந்து பேசிய பிறகு, பள்ளிப் பேருந்தில் அக்குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஆயினும், கோடை விடுமுறையில் நீங்களே உங்கள் குழந்தையை அங்கு அழைத்துச் செல்வதை நான் மிகவும் விரும்புகிறேன். பள்ளி மறுப்பதற்கும் உங்களை ஊக்குவிப்பதற்கும் காரணம் ஒன்றே என்பதால், அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து கோடைக்கானல் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவு. வத்தலக்குண்டைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கிவிடும். மூன்று வயதுக் குழந்தைக்கு இந்தப் பயணமே ஒரு நாள் வேலை. அதையும் தாங்கிப் பூங்காவுக்குள் நுழைந்த பிறகு, முப்பது குழந்தைகளும் ஒரே வரிசையில், ஒரே வேகத்தில் நடந்தாக வேண்டும். ஒரு குழந்தை எறும்பைப் பார்க்க உட்கார்ந்தால் ஆசிரியை கையைப் பிடித்து இழுக்கத்தான் வேண்டியிருக்கும். அப்படி இழுத்துக்கொண்டு போய்க் காட்டும் பூங்காவால் குழந்தைக்குப் பயன் இல்லை. குழந்தை உட்காரும் இடத்தில் உடன் உட்கார ஒருவர் வேண்டும். அதைப் பெற்றோராகிய உங்களால்தான் செய்ய முடியும்.

1908ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட பிரையண்ட் பூங்கா சுமார் 20 ஏக்கர் பரப்புள்ளது. அதை முழுவதும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை நுழைவாயிலிலேயே விட்டுவிடுங்கள். ஒரு பாத்தி, ஒரு மரம், தண்ணீர் பாய்ச்சும் குழாய் ஆகியவை போதும். நமக்கு நிறம் நிறமாகத் தெரியும் ரோஜாப் பாத்தியைவிட, பாதையோரத்தில் உதிர்ந்து கிடக்கும் இதழ்களே குழந்தைக்குப் பெரிதாகத் தோன்றும். ஏனெனில் அவை அதன் கைக்கு எட்டுகின்றன. செடியில் இருப்பதைப் பறிக்கக் கூடாது, தரையில் விழுந்ததை எடுத்துப் பார்க்கலாம் என்ற ஒரே விதியைச் சொல்லி, அதை எல்லா இடங்களிலும் மாறாமல் கடைப்பிடித்தால், இரண்டரை வயதுக் குழந்தைகூட அதைப் புரிந்துகொள்கிறது. உதிர்ந்த யூகலிப்டஸ் இலையைக் கசக்கி முகரச் செய்யுங்கள். உரிந்து தொங்கும் அதன் பட்டையைத் தடவச் சொல்லுங்கள். கண்ணாடி வீட்டுக்குள் புழுக்கமாக இருந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

ஒவ்வொரு பூவின் முன்னும் நிறுத்தி, "இது என்ன கலர், இதற்கு என்ன பெயர்" என்று வினாத்தாள் போலக் கேட்பதைத் தவிர்க்குமாறு தனியே வேண்டிக்கொள்கிறேன். வகுப்பில் நாங்கள் கேட்பதே போதுமானது. குழந்தை கேட்டால் பெயரைச் சொல்லலாம். கேட்காவிட்டால் பேசாமல் உடன் இருப்பதே நல்லது. புகைப்படத்துக்காகப் பாத்தியின் நடுவே நிறுத்திச் சிரிக்கச் சொல்வதைப் பற்றியும் என் கருத்து இதுவே. தாத்தா பாட்டிக்கு அனுப்ப ஓரிரண்டு படம் போதாதா?

பாதுகாப்பில் மட்டும் நீங்கள் தளர்வாக இருக்கக் கூடாது. இந்த வயதில் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும். நம் ஊர்த் தெருக்களிலும் பூங்காக்களிலும் சாதாரணமாக நிற்கும் அரளியின் எல்லாப் பாகங்களும் இதயத்தைப் பாதிக்கும் நச்சுடையவை. மஞ்சள் அரளியின் காயும் அவ்வாறே. நம் மாநில மலரான செங்காந்தளும் நச்சுச்செடிதான். அதன் கிழங்கு மிகவும் ஆபத்தானது. சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைக் கவரும் குன்றிமணியைக் குழந்தை கடித்துவிட்டால் பெரும் கேடு விளையும். மலைப்பகுதி வேலியோரங்களில் எக்காளம் போலத் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூ, ஊமத்தையின் நெருங்கிய உறவு. குழந்தை எதையேனும் தின்றுவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால், உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், வாயில் எஞ்சியிருப்பதைத் துடைத்தெடுத்து, அந்தச் செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், 108ஐ அழையுங்கள். பூச்செடிகளுக்குப் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஈரத்துணியால் துடைப்பது போதாது.

தின்பண்டத்தைக் குழந்தையின் கையில் கொடுத்து நடக்க விடாதீர்கள். குரங்குகள் பிடுங்கும்போது நகம் கீறிவிடும். மலையேறும் முன் வயிறு முட்ட ஊட்டாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேருந்து வாந்திக்கு மருத்துவரைக் கேட்காமல் பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது. மதுரை வெயிலிலிருந்து கிளம்பும்போது ஸ்வெட்டரின் நினைவே வராது. மறக்காமல் எடுத்து வையுங்கள்.

மே மாதத்தில் அங்கு மலர்க்கண்காட்சி நடைபெறும். பெரியவர்களுக்கு அது கண்கொள்ளாக் காட்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் குழந்தைக்குத் தெரிவது முன்னே நிற்பவர்களின் முழங்கால்கள் மட்டுமே. கண்காட்சி இல்லாத ஒரு வேலைநாளில், முந்தைய நாளே மேலே சென்று தங்கி, காலையில் பூங்கா திறந்ததும் உள்ளே சென்று, உச்சிவேளைத் தூக்கத்துக்கு முன் அறைக்குத் திரும்பிவிடுவதே என் பரிந்துரை. அவ்வளவு தூரம் செல்ல இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. காந்தி அருங்காட்சியகத்துக்கு அருகிலுள்ள ராஜாஜி பூங்காவில் காலை வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தாலும், மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி கைகூடும். சித்திரையில் வேம்பு பூத்து உதிரும் காலமாதலால், அதற்கும் நேரமில்லாதவர்களுக்குத் தெருமுனை மரத்தடியே போதும்.

கோடைக்கானல் செல்லும் வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு மலையில் கட்டுப்பாடு இருப்பதால், எவர்சில்வர் புட்டியில் வெந்நீர் எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்துமா அல்லது ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் பெற்றோர், பயணத்துக்கு முன் தங்கள் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுவது நலம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்
மதுரை